செங்கல் உடைத்த கதை

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. பேத்தி பிறந்த செய்தியை அம்மாவுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். முழங்கால் வலி குறைந்திருப்பதால் இப்போது தினமும் மாடிக்கு வந்து என் கள்ளிகளை எண்ணிவிட்டுத்தான் இறங்குகிறாள்.

சரி, கள்ளித் தொட்டிகளுக்குப் பியூமிஸ் போடலாமா என்று நீ கேட்ட மண் கலவைக்கு வருகிறேன். பியூமிஸ் கல் நல்ல பொருள்தான். எரிமலைக் குழம்பு நுரைத்து இறுகியது, உள்ளெல்லாம் துளை. ஆனால் அறுபது தொட்டிக்கும் அதை வாங்கினால் உனக்குக் கட்டுப்படியாகாது. கிட்டத்தட்ட அதே வேலையை நன்றாக வெந்த செங்கல் செய்யும்.

போன ஐப்பசி மழையில் என் மாமிலேரியா கள்ளி ஏழு செடி அழுகியதை எழுதியிருந்தேனே. ஒரு நர்சரியில் கள்ளிக்கென்றே கலந்து தந்த மண். கவிழ்த்துப் பார்த்தால் பொடிமணலும் தென்னை நார்த்தூளும் சேர்ந்து களியாகக் கிடந்தது. மணல் போட்டால் தண்ணீர் வடியும் என்றுதானே நாம் இத்தனை நாள் நம்பினோம்? பொடிமணல் மற்றதன் இடைவெளியில் போய் அடைத்துக்கொள்கிறது, வேருக்குக் காற்றே கிடைப்பதில்லை. அதனால் இப்போது எந்தப் பொருளானாலும் முதலில் பரலின் அளவைத்தான் பார்க்கிறேன்.

நீ செய்ய வேண்டியது இதுதான். சிமென்ட் ஒட்டாத செங்கலாகப் பார்த்து எடு. பழைய சுவர்க் கல்லில் ஒட்டியிருக்கும் காரை மண்ணைக் காரமாக்கிவிடும். ஒரு துண்டை இரவு முழுக்கத் தண்ணீரில் போட்டு வை. காலையில் விரலால் நசுக்கினால் கரைகிறதென்றால் அது சரியாக வேகாத கல், வேண்டாம். சாக்குக்குள் வைத்து உடைத்து, கொசுவலையில் சலித்து, கீழே விழும் தூளை ரோஜாச் செடிக்குப் போட்டுவிடு. துவரம்பருப்பிலிருந்து கொண்டைக்கடலை வரையான அளவு போதும். அப்புறம் தண்ணீர் தெளியும் வரை கழுவு. இந்தச் சலிப்பதிலும் கழுவுவதிலும் மட்டும் அவசரப்படாதே, செல்வி.

என் அளவு: செங்கல் 3 பங்கு, பெர்லைட் (எரிமலைக் கண்ணாடியைச் சூட்டில் பொரித்த லேசான வெள்ளைப் பரல்) 2, கால் இஞ்ச் கருங்கல் ஜல்லி 2, மண்புழு உரம் 1. ஜல்லி ஈரம் பிடிக்காது, கனம் தரும். அதை மட்டும் போட்டால் நம் வெயிலுக்குச் சீக்கிரம் காய்ந்துவிடும். செங்கல் குடித்து வைத்த ஈரம்தான் வேரைக் காக்கும். பெர்லைட்டை நனைத்துவிட்டுக் கொட்டு, அதன் தூசி நெஞ்சுக்கு ஆகாது. மழையில் பெர்லைட் மிதந்து மேலே வரும் என்பதால் மேலே ஒரு விரல் கனத்துக்கு ஜல்லி பரப்பிவிடு. வெர்மிகுலைட் (சூட்டில் பொரித்த ஒரு வகை மைக்கா) தண்ணீரைப் பிடித்து வைக்கும், கள்ளிக்கு வேண்டாம். கடல் மணலில் உப்பு. எம்-சாண்டில் கல்தூள் அதிகம்.

தொட்டி அடியில் ஓட்டுத்துண்டு அடுக்குவதாக எழுதியிருந்தாய். அதை விட்டுவிடு. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை நனைத்துப் படுக்க வைத்துப் பிடி. சொட்டு நின்றதும் அதையே செங்குத்தாகத் திருப்பு, மறுபடி சொட்டும். அப்போதும் அடிப்பக்கம் கொஞ்சம் ஈரம் தங்கிவிடும். மண்ணிலும் அப்படித்தான். கீழே பெரிய துண்டுகள் இருந்தால் அந்த ஈரம் அவற்றுக்கு மேலே, வேருக்கு இன்னும் பக்கத்தில் நிற்கும். துளை மேல் வலைத்துண்டு ஒன்று போதும், மேலிருந்து அடிவரை ஒரே கலவை. கொஞ்சம் உயரமான தொட்டி இன்னும் நல்லது.

புதுக் கலவைக்கு மாற்றி இது முதல் மழைக்காலம். நேற்று இரவெல்லாம் கொட்டியது. காலையில் ஒரு குச்சியை நுழைத்துப் பார்த்தேன், களி ஒட்டவில்லை. உன் நினைவுதான் வந்தது.

தை மாதம் பேத்தியைப் பார்க்க வருகிறேன். அஸ்ட்ரோஃபைட்டம் கள்ளி நாற்று மூன்று உனக்காக ஒதுக்கி வைத்திருக்கிறேன். அதற்குள் செங்கல் சலித்து வை.

அன்புடன்,
மல்லிகா