மூன்று நிமிடம் காணாமல் போகும் இணையம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் வரும் தொழில்நுட்பப் பகுதியை ஒரு வாரம்கூட விடாமல் படிக்கிறவன் நான். அந்தப் பகுதியின் மேல் எனக்கு ஒரு குறை இருக்கிறது. எங்கள் வீட்டில் நடந்ததை முதலில் சொல்லிவிட்டால் குறை என்னவென்று உங்களுக்கே புரிந்துவிடும்.

வீட்டில் ஆறு பேர். நான், மனைவி, மகன், மருமகள், பன்னிரண்டு வயதுப் பேத்தி, எட்டு வயதுப் பேரன். மருமகளுக்கு வீட்டிலிருந்தே வேலை. இரவு எட்டரை மணிக்கு வெளிநாட்டு அலுவலகத்தோடு வீடியோவில் உட்கார வேண்டும். பேரனுக்கும் சரியாக எட்டரைக்குத்தான் பசிக்கும். சாப்பாட்டுப் பசி என்று நினைத்துவிடாதீர்கள், பாப்கார்ன் பசி. வாரத்தில் மூன்று நாலு நாளாவது மைக்ரோவேவில் ஒரு பொட்டலம் போட்டாக வேண்டும். இல்லாவிட்டால் வீட்டுப்பாட நோட்டு திறக்காது.

இது ஒரு பக்கம் நடந்துகொண்டிருக்க, இன்னொரு பக்கம் மருமகளின் வீடியோ அடிக்கடி நின்றது. எதிர்முனைக்காரர் வாயைப் பாதி திறந்தபடி சிலையாகிவிடுவார். இரண்டு மூன்று நிமிடம் கழித்துத் தானாகவே சரியாகும். "மாமா, மறுபடி நெட் போச்சு" என்று அவள் அறையிலிருந்து குரல் வரும். என்னிடம் ஏன் சொல்கிறாள் என்றால், கூடத்து அலமாரியில் ரூட்டர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் நான்தான்.

முதலில் பழி இணைய இணைப்புக் கொடுத்தவர்கள் மேல் விழுந்தது. அவர்களுடைய ஆள் மூன்று முறை வந்தார். மூன்று முறையும் காலை பத்து மணிக்கு. வயரைப் பிடுங்கிச் செருகி, போனில் வேகம் பார்த்து, எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னது பொய்யில்லை. காலை பத்து மணிக்கு யார் பாப்கார்ன் பொரிக்கிறார்கள்? அடுத்தது ரூட்டர். உங்கள் பகுதியில் ஒரு கட்டம் போட்டு, வைஃபை மந்தமாக இருந்தால் ரூட்டரை மாற்றிவிடுங்கள் என்று எழுதியிருந்தீர்கள். மகன் அதைப் படித்துவிட்டுப் புது ரூட்டர் வாங்கி வந்தான், நாலு ஆன்டெனாவோடு. எட்டரைக்கு அதுவும் படுத்தது.

மூன்றாவதாகப் பழி என்மேல் வந்தது. அந்த அலமாரியில் என் பழைய டிரான்சிஸ்டர் இருக்கிறது. எட்டரைக்கு நான் செய்தி கேட்பேன். "தாத்தா ரேடியோ போட்டாத்தான் நெட் போகுது" என்று பேத்தி ஒரு நாள் கண்டுபிடித்துச் சொன்னாள். முப்பத்தெட்டு வருடம் ரேடியோ மெக்கானிக்காக இருந்தவனிடம் இப்படிச் சொன்னால் எப்படி இருக்கும்? அன்றைக்கு இரவே ஒரு நோட்டை எடுத்துக் கோடு போட்டேன். எந்த நேரத்தில் நின்றது, எத்தனை நிமிடம், அப்போது ரேடியோ ஓடியதா, வீட்டில் யார் என்ன செய்துகொண்டிருந்தார்கள்.

பதினோரு நாள் எழுதினேன். ரேடியோ ஓடாத நாளிலும் வீடியோ நின்றது. ரேடியோ ஓடிய நாலு நாள் நிற்கவே இல்லை. மனதுக்குள் கொஞ்சம் நிம்மதி. பன்னிரண்டாம் நாள் நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், அறையிலிருந்து "மாமா" என்று குரல் வந்தது. அதே நேரம் சமையலறையிலிருந்து வெண்ணெய் வாசனையும் வந்தது. பழைய பக்கங்களைப் புரட்டினேன். ஒவ்வொரு வரியிலும் 'பேரன் – தின்கிறான்' என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது.

சந்தேகத்தை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்லக்கூடாது. மறுநாள் பாப்கார்ன் இல்லாமல் ஒரு குவளைத் தண்ணீரை மட்டும் உள்ளே வைத்து இரண்டு நிமிடம் ஓடவிட்டேன். (மைக்ரோவேவை வெறுமனே ஓட்டக்கூடாது. சுட ஒன்றும் இல்லாவிட்டால் அடுப்பின் அலை திரும்பிப் போய், அதை உண்டாக்கும் மேக்னட்ரான் என்ற குழாயையே பதம் பார்க்கும்.) பேத்தி டேப்லெட்டில் வீடியோ போட்டுக்கொண்டு கூடத்தில் நின்றாள். பட்டனை அமுக்கினேன், படம் நின்றது. நிறுத்தினேன், படம் ஓடியது. மூன்று தடவை செய்து பார்த்தோம். மூன்றாவது தடவை அவள் சிரித்த சிரிப்பில் மருமகள் கூட்டத்தை விட்டு எழுந்து வந்துவிட்டாள்.

காரணம் சிக்கலானதே இல்லை. வீட்டு மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்யும் அலைவரிசை சுமார் 2450 மெகாஹெர்ட்ஸ். வைஃபையின் பழைய அலைவரிசைப் பட்டை 2400-லிருந்து 2483 வரை. அதாவது இரண்டு பேருக்கும் ஒரே தெரு. அடுப்பின் சக்தி 800 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரூட்டர் காற்றில் விடுவது ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு, அவ்வளவுதான். அடுப்பின் கதவு இடுக்கில் ஆயிரத்தில் ஒரு பங்கு கசிந்தாலும் அதுவே ரூட்டரைப் போல எட்டு மடங்கு. பக்கத்தில் ஒருவர் மேளம் அடிக்கும்போது காதில் ரகசியம் சொன்ன மாதிரி ஆகிவிடுகிறது ரூட்டரின் நிலைமை.

கசிவு என்ற வார்த்தையைக் கேட்டதும் மனைவி பயந்துவிட்டாள். இனி அந்தப் பெட்டி சமையலறையில் வேண்டாம் என்றாள். அவளுக்குச் சொன்னதை உங்கள் வாசகர்களுக்கும் சொல்கிறேன். கதவுக் கண்ணாடிக்குள் இருக்கும் உலோக வலையின் ஓட்டைகள் மிகச் சிறியவை, அலையின் நீளமோ 12 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. அந்த ஓட்டை வழியாக அதனால் நுழைய முடியாது. இடுக்கில் கசிவதற்கும் வரம்பு உண்டு. அமெரிக்க விதிப்படி, அடுப்பிலிருந்து 5 சென்டிமீட்டர் தூரத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட்டுக்கு மேல் இருக்கக்கூடாது. அரை மீட்டர் தள்ளி நின்றால் அதிலும் நூறில் ஒரு பங்குதான் வந்து சேரும். ஆளை ஒன்றும் செய்யாது, வைஃபையைத்தான் செய்யும். கதவு கோணலாகியிருந்தாலோ சரியாக மூடாவிட்டாலோ மட்டும் ஓட்டாதீர்கள்.

இதில் யார் குற்றவாளி என்றும் வீட்டில் விசாரணை நடந்தது. நான் அடுப்பின் பக்கம். 1945-இல் அமெரிக்காவில் ரேதியான் கம்பெனியில் பெர்சி ஸ்பென்சர் என்ற பொறியாளர் ரேடாருக்கான மேக்னட்ரான் பக்கத்தில் நின்றபோது அவர் பையில் இருந்த சாக்லேட் உருகிப்போனது. அவர் அடுத்ததாகக் கொண்டுவரச் சொன்னது எதைத் தெரியுமா, பாப்கார்ன் சோளத்தை! அது அங்கேயே பொரிந்தது. ஆக இந்த அடுப்பு பாப்கார்னோடு கூடவே பிறந்தது என்றுதான் சொல்ல வேண்டும். 1947-இல் வந்த முதல் அடுப்பு ஏறக்குறைய ஆள் உயரம், 340 கிலோ எடை. அதே வருடம் நடந்த சர்வதேச மாநாட்டில் 2450 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய பட்டையைத் தொழிற்சாலைகளுக்கும் இந்த மாதிரிக் கருவிகளுக்கும் ஒதுக்கிவிட்டார்கள். அங்கே தகவல் அனுப்பவும் உரிமம் தேவையில்லை என்று அமெரிக்கா விட்டுக்கொடுத்தது 1985-இல். வைஃபையின் முதல் தரநிலை வந்தது 1997-இல். அடுப்பு வீட்டுக்காரர், வைஃபை பின்னால் வந்த குடித்தனக்காரர். குடித்தனக்காரர்தான் கொஞ்சம் ஒதுங்கிப் போக வேண்டும்.

ஒதுங்கவும் இடம் இருந்தது. ரூட்டர் இரண்டு பெயரில் வைஃபை தருகிறது. ஒரு பெயரின் கடைசியில் '5ஜி' என்று இருக்கும். இது செல்போன் 5ஜி இல்லை, 5 கிகாஹெர்ட்ஸ் பட்டை. அடுப்புக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. மருமகளின் கணினியை அந்தப் பெயருக்கு மாற்றினோம். அது சுவர் தாண்டுவதில் கொஞ்சம் சோம்பேறி என்பதால் ரூட்டரைச் சமையலறைச் சுவரை ஒட்டியிருந்த கூடத்து அலமாரியிலிருந்து எடுத்து அவள் அறை வாசலுக்குப் பக்கத்தில் வைத்தோம். வேலை முடிந்தது. பழைய ரூட்டரிலும் இதே இரண்டு பெயர் இருந்தது என்பதை மகன் அன்றைக்குத்தான் கவனித்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அப்புறம் நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. அலையின் நீளம் 12 சென்டிமீட்டர் என்று எப்படித் தெரியும் என்று பேத்தி கேட்டாள். அளந்து பார்த்துவிடலாம் என்றேன். அடுப்புக்குள் சுற்றும் தட்டையும் அதன் அடியில் இருக்கும் சக்கர வளையத்தையும் எடுத்துவிட்டு, ஒரு நீளச் சாக்லேட்டை அசையாமல் வைத்து இருபது நொடி ஓட்டினோம். சாக்லேட் முழுதும் உருகவில்லை. அங்கங்கே பொட்டு வைத்த மாதிரி பளபளவென்று உருகியிருந்தது. அலை வலுவாக மோதும் இடங்கள் அவை. தட்டு சுற்றுவதே அந்த இடங்கள் ஒரே பக்கம் நிலைத்துவிடாமல் இருக்கத்தான். பேத்தி ஸ்கேலை வைத்து அளந்தாள்: ஒரு பொட்டிலிருந்து அடுத்த பொட்டு 6.2 சென்டிமீட்டர். அது பாதி அலை. இரண்டால் பெருக்கினால் 12.4. அதை 245 கோடியால் பெருக்கி, கிலோமீட்டருக்கு மாற்றினாள். நொடிக்கு 3,03,800 கிலோமீட்டர். ஒளியின் வேகம் 2,99,792. ஒரு சாக்லேட்டும் பள்ளிக்கூட ஸ்கேலும் கொடுத்த விடைக்கு இது போதாதா? அவள் நோட்டில் இரண்டு முறை அடிக்கோடு போட்டாள். திரும்பிப் பார்த்தால் சாக்லேட் இல்லை. பேரன் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

பாப்கார்னைப் பற்றியும் ஒரு வார்த்தை. அடுப்பில் 'பாப்கார்ன்' என்று ஒரு பட்டன் இருக்கிறது. மகன் அதைத்தான் நம்புவான். பாதி நாள் கருகும். பொட்டலத்தின் அளவோ சோளத்தின் பதமோ அந்தப் பட்டனுக்கு என்ன தெரியும்? ஒவ்வொரு சோள மணிக்குள்ளும் நூறில் பதினாலு பங்கு ஈரம் இருக்கும். சூடு 180 டிகிரியைத் தொடும்போது உள்ளே அடைபட்ட ஆவி தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வருகிறது. எனவே காதால்தான் பார்க்க வேண்டும். முதலில் ஒன்றிரண்டு, அப்புறம் படபடவென்று மழை, அப்புறம் சத்தம் குறையும். இரண்டு சத்தத்துக்கு நடுவே இரண்டு நொடி இடைவெளி விழுந்ததும் நிறுத்திவிட வேண்டும். பொட்டலத்தில் இல்லாமல் தனியாகச் சோளம் வாங்கி வைப்பவர்கள் மூடி இறுக்கமான டப்பாவில் வையுங்கள். ஈரம் போய்விட்டால் என்ன சுட்டாலும் பொரியாது. பாதி வெடித்து நின்றுபோன கெட்டி மணிகளைத்தான் என் மனைவி தேடி எடுத்துத் தின்பாள். பல் போகும் என்றால் கேட்பதில்லை.

இனி என் குறைக்கு வருகிறேன். போன ஒரு வருடத்தில் உங்கள் பகுதியில் நான் படித்ததெல்லாம் எந்த போனில் கேமரா நன்றாக இருக்கிறது, எந்தக் கடிகாரம் தூக்கத்தை அளக்கிறது, எதை மாற்ற வேண்டும், எதை வாங்க வேண்டும் என்பதுதான். ஏற்கெனவே வீட்டில் இருக்கும் சாமான்களைப் பற்றி ஒரு வரி இல்லை. எங்கள் அடுப்போடு வந்த கையேட்டைத் தேடிப் பிடித்துப் பார்த்தேன். பதினாலு மொழியில் இருக்கிறது, தமிழ் இல்லை. பேத்தியை வைத்து ஆங்கிலத்தைப் படிக்கச் சொன்னேன். கடைசிக்கு முந்தின பக்கத்தில், எறும்பு எழுத்தில், கம்பியில்லா இணைப்புகளுக்கு இடையூறு ஏற்படலாம் என்று ஒரே ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரியைத் தமிழில் நீங்கள் போட்டிருந்தால் எங்கள் வீட்டில் ஒரு ரூட்டர் மிச்சம். இணைய இணைப்புக்காரர்களின் ஆளுக்கும் மூன்று நடை மிச்சம்.

ரூட்டரை மாற்றச் சொன்ன அந்தக் கட்டத்துக்கு ஒரு திருத்தம் போடுங்கள். வாரத்துக்கு ஒரு பழைய சாமானை எடுத்துக்கொண்டு, அது எப்படி வேலை செய்கிறது, எதனால் மக்கர் பண்ணுகிறது, எந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம் என்று எழுதுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் தொடங்கினால் நல்லது. எங்கள் வீட்டுப் பெட்டி இரவு இரண்டு மணிக்கு 'டொக்' என்று ஒரு சத்தம் போடுகிறது. பிளாஸ்டிக் குளிரில் சுருங்குகிற சத்தம் என்று நான் சொல்கிறேன். மனைவி நம்பவில்லை. பேப்பரில் வந்தால் நம்புவாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரேடியோ மெக்கானிக் ஒருவர்