படத்துக்குக் கீழே குளமும் தேதியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு வாசகர் பக்கத்தில் வந்த வரித்தலை வாத்துப் படம் அருமை. தண்ணீரைப் பார்த்தால் நம் திருநெல்வேலிப் பக்கத்துப் பறவைகள் சரணாலயமான கூந்தன்குளம் மாதிரி இருந்தது. ஆனால் எந்தக் குளம், என்றைக்கு எடுத்தது என்று ஒரு வரி இல்லை. அதுதான் என் குறை.

பாளையங்கோட்டையில் 32 வருஷம் ஸ்டுடியோ வைத்திருந்தவன் நான். 'சிரிக்காதீங்க, நேரா பாருங்க' என்று சொல்லியே காலம் போனது. பறவையில் இது எந்தப் பறவை என்று ஆள் அடையாளம் காணவும் பாஸ்போர்ட் படம்தான் உதவும். இங்கிலாந்தில் ஸ்லிம்பிரிட்ஜ் என்ற ஊருக்கு, ருஷ்யாவின் வடகோடியிலிருந்து குளிர்காலத்தில் பியூவிக் அன்னங்கள் வரும். (நம் குத்துவிளக்கு உச்சியில் உட்கார்ந்திருக்கிற அன்னம் வேறு, அதற்குப் பாலையும் தண்ணீரையும் பிரிக்கிற வேலை.) அலகில் கறுப்பும் மஞ்சளும் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு மாதிரி இருப்பதை 1964இல் ஓவியர் பீட்டர் ஸ்காட் கவனித்தார். முகம் முகமாக வரைந்து பேரும் வைத்தார். பிறகு போட்டோவும் சேர்ந்துகொண்டது. காலில் வளையம் மாட்டாமலே, எது ஜோடியோடு வந்தது, எது குஞ்சோடு வந்தது, எது வரவே இல்லை என்று வருஷக்கணக்கில் எழுதி வந்திருக்கிறார்கள். இதற்கு முன்பக்கம், இடது, வலது மூன்றும் வேண்டும். அலகில் சேறு ஒட்டியிருந்தாலே ஆள் மாறிப்போகும்.

நானும் முயன்று பார்த்தேன். இந்தத் தை மாதம் விஜயநாராயணம் குளத்தில் ஒரு வரித்தலை வாத்து. பின்தலையில் இருக்கும் இரண்டு கறுப்புப் பட்டைகளில் கீழ்ப்பட்டை இடப்பக்கம் அறுந்திருந்தது. 12 நாள் கழித்துக் கூந்தன்குளத்தில் அதே அறுந்த பட்டை! இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, பழைய கஸ்டமர் கடைக்குள் நுழைந்த மாதிரி இருந்தது.

அன்று என் பக்கத்தில் நின்ற ஒருவர், பறக்கிற படம் வேண்டுமென்று ஒரு பையனைக் கைதட்டச் சொன்னார். பறவைக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊரில்! அவன் தட்டவில்லை, நல்லவேளை.

இனி வாசகர் படம் போடும்போது, எடுத்தவர் பெயருக்குப் பக்கத்திலேயே குளத்தின் பெயரையும் தேதியையும் போடுங்கள். தனி இடம் வேண்டாம். அப்புறம், போன ஞாயிறு படத்தில் ஓரமாக நிற்கிற மூன்றாவது வாத்து மேல் எனக்கு ஒரு சந்தேகம். வலப்பக்கம்தான் தெரிகிறது. எடுத்தவரிடம் இடப்பக்கப் படம் இருக்கிறதா என்று கேட்டுச் சொல்ல முடியுமா?

இப்படிக்கு,
பழைய ஸ்டுடியோக்காரன்,
பாளையங்கோட்டை