கிற்றாரைக் கொடுத்துவிட்டேன், அண்ணா

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கிற்றார் இப்போது நம் வீட்டில் இல்லை. அம்மாவின் ஆட்டைத்திவசம் முடிந்த எட்டாம் நாள் அதைக் கொடுத்துவிட்டேன். தொலைபேசியில் சொன்னால் என்னைப் பேசவிட மாட்டீர்கள், அதனால் எழுதுகிறேன். திவசத்துக்கு ஏன் வரவில்லை என்று இங்கே கேட்கப்போவதில்லை. ஊரார் வாசிக்கும் இடம் இது.

நல்லூரில் ஒரு பழைய நாற்சார் வீட்டில் இளையவர்கள் ரொக் இசை வாசிக்கிறார்கள் என்று மகள் என்னை இழுத்துக்கொண்டு போனாள். நாற்பது பேர் இருந்திருப்போம், பெரும்பாலும் பாயில். நடுமுற்றத்தில் டிரம்ஸ், இரண்டு மின்கிற்றார், ஒரு பேஸ் கிற்றார். முதல் அடி விழுந்ததும் நான் சாய்ந்திருந்த தூண் அதிர்ந்தது. டிரம்ஸ் வாசித்தவன் இணுவில் பையன், தவில்காரர் வீட்டுப் பிள்ளை. எல்லாரும் நிறுத்த, அவன் மட்டும் ஏழேழாகக் கொட்டிக்கொண்டே போய், தாளத்தை முடித்துவைக்கும் தீர்மானத்தை மூன்று முறை வைத்து முடித்தான். முடித்த அந்த இடத்தில் மற்ற மூவரும் ஒன்றாகப் பாய்ந்தார்கள்! பாடிய பெண் தன் கிற்றாரை ஒலிபெருக்கிக்கு நேரே பிடித்தாள். ஒலிபெருக்கியால் கம்பி அதிர, அந்த அதிர்வை ஒலிபெருக்கி மீண்டும் வாங்கிப் பெருக்க, ஒரே சுரம் ஊளையாக வளர்ந்து ஓட்டுக்கூரையைத் தாண்டிப் போனது. பாட்டு நம் ஊர்ப் பேச்சில். நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பொப்பிசை பாடிய காலத்துக்குப் பிறகு நம் சொற்களுக்கு இப்படி ஒரு துள்ளல் வந்து நான் கேட்டதில்லை.

அந்த ஊளையில்தான் 1993 திரும்பி வந்தது. போர்க்காலம், மின்சாரம் இல்லை, பற்றரிக்குத் தடை. திண்ணையில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவிலிருந்து வயர் இழுத்துக் கசற் போடுவீர்கள். பெடலைக் கையால் சுற்றுவது ஒன்பது வயது நான். என் கை சோர்ந்தால் பாடுகிறவனின் குரலும் சோர்ந்து கிணற்றுக்குள் இறங்கும். "சுற்றம்மா, சுற்று" என்பீர்கள். கிற்றார் தனியே அழும் ஓர் இடத்தை அன்று திரும்பத் திரும்பக் கேட்டீர்கள், கண்ணை மூடிக்கொண்டு. நான் நிறுத்தவில்லை. இரவில் என் உள்ளங்கைக் கொப்புளத்தைப் பார்த்து, தேங்காயெண்ணெய் தடவியபடி நீங்கள் அழுதீர்கள். அந்த அண்ணாவுக்காகத்தான் இத்தனை ஆண்டு அதைக் காத்தேன்.

"யாழ்ப்பாணத்தில் இதெல்லாம் யாருக்கு வேண்டும்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆண்டு போனீர்கள். எப்படி, யார் மூலம் என்பது நமக்குள் இருக்கட்டும். 1995 ஒக்டோபர் 30 இரவு, போருக்குத் தப்பி மழையில் ஊரே நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்தபோது, சைக்கிளில் அரிசியை ஏற்றச் சொன்னார் அப்பா. அம்மா தன் சேலையில் தைத்த உறைக்குள் போட்டுக் கிற்றாரைக் கட்டினார். அரிசியை நான் தலையில் சுமந்தேன். இதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பாடிய பெண்ணின் கிற்றார் இரவலாம். வீட்டில் பழக அவளிடம் ஒன்றும் இல்லை. உங்களைக் கேட்டிருக்க வேண்டும், மன்னித்துவிடுங்கள். ஆனால் கேட்டிருந்தால் "இருக்கட்டும்" என்றிருப்பீர்கள். முப்பது ஆண்டாக அதையேதான் சொல்கிறீர்கள். கம்பிகள் துருப்பிடித்தன. போர் முடிந்து பாதை திறந்தது, 2014இல் யாழ்தேவி ரயிலும் வந்து சேர்ந்தது. நீங்கள் வரவில்லை. கோபத்தில் கொடுத்தேனா? கொஞ்சம் கோபமும் இருந்தது.

அவள் புதுக் கம்பி மாட்டி நம் திண்ணையிலிருந்தே சுருதி சேர்த்தாள். உங்கள் விரல்கள் அழுத்தித் தேய்ந்த இடத்தைத் தடவி, "இது யார் வாசித்தது?" என்று கேட்டாள். என் அண்ணா, என்றேன். அவ்வளவு பெருமையாகச் சொன்னேன், அண்ணா.

உறையை மட்டும் கொடுக்கவில்லை. அம்மாவின் சேலைத்துணி. ரொறன்ரோவுக்கு அனுப்பவா, வந்து எடுப்பீர்களா?

தங்கச்சி