ஒலிபெருக்கி வைக்கும் இடம் பற்றி மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

படத்தில் ஆட்கள் கதைப்பது விளங்கவில்லை, வெடிச் சத்தம் மட்டும் வீட்டை அதிர வைக்கிறது, ஆகவே ஐந்து ஒலிபெருக்கிகளையும் கொடுத்துவிட்டுப் பெரியவற்றை வாங்கப் போகிறோம் என்று எழுதியிருந்தாய். அந்தப் பணத்தை இப்போதைக்குக் கையில் வைத்துக்கொள், பிள்ளை. உங்கள் வெள்ளவத்தை வீட்டின் ஹோலை நான் பால் காய்ச்சிய அன்றே பார்த்தேன். தரையெங்கும் டைல்ஸ், சுற்றிலும் சீமெந்துச் சுவர், கடற்பக்கம் அகன்ற கண்ணாடிக் கதவு. இப்படியான அறையில் ஒலி எல்லாப் பக்கமும் பட்டுத் திரும்பி வந்து சொற்களை மூடிவிடுகிறது. பெரிய ஒலிபெருக்கி வந்தால் அந்த எதிரொலியும் பெரிதாகுமே தவிர, பேச்சுத் தெளிவடையாது. சோபாவுக்கு முன்னால் தடித்த கம்பளம் ஒன்றையும், கண்ணாடிக்குக் கனத்த திரைச்சீலையையும் முதலில் போடுங்கள்.

அடுத்தது நடு ஒலிபெருக்கி. உரையாடலில் பெரும்பகுதி அதன் வழியாகவே வருகிறது. நீ அனுப்பிய படத்தில் அது தொலைக்காட்சி மேசையின் உள்தட்டில், பின்னுக்குத் தள்ளி இருக்கிறது. அதைத் தட்டின் விளிம்புவரை இழுத்து, முன்பக்கத்தின் கீழே இறப்பர்த் துண்டு வைத்து, அதன் முகம் உட்கார்ந்திருப்பவரின் காதை நோக்கும்படி நிமிர்த்த வேண்டும். மற்ற நான்கையும் விட இதற்கே அதிக அக்கறை வேண்டும் என்று மருமகனிடம் சொல்.

முன்பக்கத்து இடது, வலது ஒலிபெருக்கிகள் இரண்டும், சோபாவிலிருந்து தொலைக்காட்சிக்கு நேராகப் போகும் நடுக்கோட்டிலிருந்து 22 முதல் 30 பாகை வரை விலகி, காது மட்டத்தில் நிற்கட்டும். சோபாவிலிருந்து ஒவ்வொன்றும் 3 மீற்றர் தூரத்திலும், தமக்குள்ளும் 3 மீற்றர் இடைவெளியிலும் இருந்தால் அந்த 30 பாகை தானாக அமையும். மற்ற இரண்டையும் தலைக்கு நேர் பின்னால் மாட்டாமல், 90 முதல் 110 பாகைக்குள், அதாவது பக்கவாட்டில் சற்றுப் பின்தள்ளி, காதை விட ஓரிரு அடி உயரத்தில் பொருத்துங்கள்.

அதிர்வுக்குக் காரணம், சோபா பின்சுவரோடு ஒட்டியும், அடிநாதத்தை மட்டும் எழுப்பும் சப்வூபர் பெட்டி மூலையிலும் இருப்பதுதான். 40 ஹேர்ட்ஸ் போன்ற மிகத் தாழ்ந்த ஒலியின் ஓர் அலை ஏறக்குறைய எட்டரை மீற்றர் நீளமானது. கொங்கிறீட் சுவர் அதை வெளியே விடாமல் அறைக்குள்ளேயே திருப்புவதால், சுவரோரத்தில் அடிநாதம் குவிந்துவிடும். சோபாவை இரண்டடியாவது முன்னுக்கு நகர்த்துங்கள். பிறகு சப்வூபரை நீ உட்காரும் இடத்திலேயே வைத்து, அடிநாதம் நிறைந்த பாட்டொன்றைப் போட்டுவிட்டு, சுவரோரமாகக் குனிந்து நடந்து கேள். எந்த இடத்தில் ஒலி வீங்காமலும் மெலியாமலும் கேட்கிறதோ அங்கே அதை வை. கீழ் வீட்டாரை நினைத்து அதன் அடியில் தடித்த இறப்பர் விரிப்பும் போடு.

இவை முடிந்த பின்னரே, ஒலிபெருக்கிகளை இயக்கும் ரிசீவர் பெட்டியைத் தொட வேண்டும். ஒலி ஒரு மீற்றரைக் கடக்க ஏறக்குறைய 3 மில்லி செக்கன் எடுப்பதால், உட்காரும் இடத்திலிருந்து ஒவ்வொரு ஒலிபெருக்கியின் தூரத்தையும் நாடாவால் அளந்து அதில் சரியாகக் கொடுங்கள். கிராஸ்ஓவரை, அதாவது தாழ்ந்த ஒலி சப்வூபருக்குப் பிரிந்து போகும் எல்லையை, 80 ஹேர்ட்ஸில் வையுங்கள். அப்படியும் பேச்சு மெலிந்திருந்தால் நடு ஒலிபெருக்கியை மட்டும் 2 டெசிபல் உயர்த்துங்கள்.

கடற்காற்றில் செப்புக் கம்பியின் நுனி பச்சை பிடிக்கும். கறுத்த நுனிகளை வெட்டி, புதிதாகச் சீவி, சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு என்று பார்த்துப் பூட்டச் சொல். அளந்த தூரங்களை எனக்கும் எழுதி அனுப்பு.

அன்புடன்,
அப்பா