கயவாகுவும் அரியலூர்க் கல்லும்

கும்பகோணம்

அன்புள்ள சேகர்,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. குறுவை அறுப்பு நேரத்தில் மழை பிடித்துக்கொண்டதால் நெல்லைக் காயவைப்பதும் தார்ப்பாய் போட்டு மூடுவதுமாகவே பொழுது போயிற்று. வீட்டில் எல்லோரும் சௌக்கியம். என் முழங்கால் மட்டும் அப்படியேதான். இனி உன் வம்புக்கு வருகிறேன்.

தமிழ் இலக்கியம் படித்த நீங்கள் பாட்டை வைத்து அரசனுக்குக் காலம் சொல்வீர்கள், பிறகு அந்த அரசனை வைத்தே பாட்டுக்கும் காலம் சொல்வீர்கள் என்று எழுதியிருந்தாய். முழுதாக மறுக்க முடியாது. சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்கு எடுத்த பத்தினி விழாவுக்கு இலங்கைக் கயவாகு வந்தான் என்கிறது சிலப்பதிகாரம். இலங்கை அரசர் வரலாற்றைச் சொல்லும் மகாவம்சத்தில் கி.பி. 2ஆம் நூற்றாண்டுக் கஜபாகு ஒருவன் இருக்கிறான். 1904இல் வந்த கனகசபைப் பிள்ளையின் நூல் இந்த இருவரையும் ஒருவராக்கி, அந்த முடிச்சிலேயே மற்ற மன்னர்களின் காலத்தையும் தொங்கவிட்டது. ஆனால் அந்த வருகையைப் பற்றி மகாவம்சம் மூச்சே விடவில்லை. 12ஆம் நூற்றாண்டில் இன்னொரு கஜபாகுவும் உண்டு. ஏன் முதலாமவன் என்று கேட்டால் சங்ககாலத்துக்கு அவன்தான் பொருந்துகிறான் என்பார்கள். சங்ககாலம் எப்போது என்று கேட்டால் கயவாகுவைக் காட்டுவார்கள்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. யவனர் பொன்னோடு வந்து சேரர் துறைமுகமான முசிறியில் மிளகு ஏற்றிப்போனதை அகநானூறு பாடுகிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்ற கடல்வழிக் குறிப்பும் முசிறியையும் மிளகையும் சொல்கிறது. அதை எழுதியவன் நம் பாட்டைக் கேட்டவனில்லை. எனக்குக் கயவாகுவைவிட மிளகின் மேல்தான் நம்பிக்கை.

சரி, நிலவியல் படித்த நீ மட்டும் யோக்கியமா? அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் அம்மோனைட்டை, அதாவது அழிந்துபோன ஒரு கடலுயிரியின் புதைபடிவத்தை, கையில் வைத்துக்கொண்டு, இது டைனோசர்களின் கடைசிக் காலமான கிரெட்டேசியஸ் காலத்துப் பாறை என்றாய். எப்படித் தெரியும் என்றேன். இந்த உயிரி இருப்பதால் என்றாய். உயிரியின் காலம் எப்படித் தெரியும் என்றதற்கு, இந்த மாதிரிப் பாறையில் கிடைப்பதால் என்று சொல்லிவிட்டு நீயே சிரித்தாய். பேருந்தில் திரும்பும்போதுதான் ஒழுங்காக விளக்கினாய்: அடியில் இருக்கும் அடுக்கு மூத்தது என்பதை வைத்து வரிசை முதலில் கிடைத்துவிட்டது, ஆண்டுக் கணக்கு பிற்பாடு எரிமலைச் சாம்பலில் உள்ள, சீரான வேகத்தில் சிதையும் யுரேனியத்திலிருந்து வந்தது என்று. உங்கள் துறைக்கு யுரேனியம் இருக்கிறது. எங்களுக்கு என்ன இருக்கிறது?

நெல் விஷயத்திலேயே ஒரு வேடிக்கை. பொதுவாக ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் கொள்முதல் நிலையத்தில் எடுக்கமாட்டார்கள். பக்கத்து வயல்காரர் மூட்டைக்கு மீட்டர் 19 காட்டியது. சண்டை போட்டு இன்னொரு மீட்டர் வரவழைத்தார், அதுவும் 19. இதை எதை வைத்துச் சரிபார்த்தீங்க என்று கேட்டார். அந்த முதல் மீட்டரை வைத்துத்தான் என்று பதில் வந்தது. நெல்லை எடைபோட்டு, ஆய்வகச் சூட்டடுப்பில் உலர்த்தி, மறுபடி எடைபோட்டிருந்தால் வழக்கே இல்லை.

தெர்மாமீட்டருக்கு அந்த வழியும் கிடையாது. பாதரசம் சீராக விரிகிறதா என்று பார்க்க வெப்பநிலை தெரிய வேண்டும், வெப்பநிலை தெரிய தெர்மாமீட்டர் வேண்டும். 1840களில் பாரிஸில் ரெஞோ என்பவர், எது உண்மையான வெப்பநிலை என்ற கேள்வியையே ஒதுக்கிவைத்தார். ஒரே வகைத் தெர்மாமீட்டர்களை வெவ்வேறு விதமாகச் செய்து, அவை தங்களுக்குள்ளாவது ஒத்துப்போகின்றனவா என்று மட்டும் பார்த்தார். பாதரசம் கண்ணாடிக்குக் கண்ணாடி மாறியது, காற்றுத் தெர்மாமீட்டர் பெரும்பாலும் மாறவில்லை. வட்டத்துக்குள் இருந்துகொண்டே பொய்சாட்சியைக் கண்டுபிடித்த சாமர்த்தியம் எனக்குப் பிடித்திருக்கிறது.

எங்கள் பக்கம் அதற்கு நிகராக நான் நினைப்பது உ.வே.சா.வின் சீவக சிந்தாமணிப் பதிப்பு. சொல்லுக்குப் பொருள் தெரிந்தால்தான் ஏட்டுக்கு ஏடு மாறும் வாசகங்களில் எந்தப் பாடம் சரி என்று தெரியும், பாடம் சரியாக இருந்தால்தான் பொருள் தெரியும். உ.வே.சா. ஏட்டையே முறைத்துக்கொண்டு உட்காரவில்லை. இதே கும்பகோணத்தில் சமணர் வீடுகளுக்குப் போய், அந்த நூலை மரபாகப் படித்துவந்தவர்களிடம் கேட்டார். 1887இல் புத்தகம் வந்தது.

கல்வெட்டுக்காரர்களுக்கு வானம் கிடைத்தது. ஆட்சியாண்டோடு கிழமை, நட்சத்திரம், திதி மூன்றும் பொறித்த கல்வெட்டுகளைக் கணக்குப் போட்டுத்தான் ஜெர்மன் அறிஞர் கீல்ஹார்ன் சோழர் காலத்தை நிறுத்தினார். ராஜராஜன் பட்டத்துக்கு வந்தது 985 என்று நாம் துணிந்து சொல்வது அந்த வழியில். சந்திரனுக்குச் சோழன் மேல் பாசம் கிடையாது. ஆனால் இங்கேயும் ஒரு ஓட்டை உண்டு. கணக்கு ஒத்துவராத இடத்தில் திதியைத் தப்பாகப் பொறித்துவிட்டான் என்று கல்தச்சன் தலையில் போட்டுத் திருத்திக்கொள்வார்கள். சில இடங்களில் அது நியாயம்தான். எத்தனை முறை திருத்தினால் வானம் சாட்சியாக இல்லாமல் போகும் என்பதுதான் என் கவலை. வட்டம் இருப்பதே குற்றம் என்று நான் சொல்லமாட்டேன். வெளியிலிருந்து வருகிற சாட்சிக்கு 'இல்லை' என்று சொல்ல இடம் கொடுத்தோமா என்பதைத்தான் பார்க்கிறேன்.

பூம்புகார் பக்கம் கீழையூரில் தோண்டியெடுத்த செங்கல் படகுத்துறையிலும் அப்படித்தான். அங்கிருந்த மரத்தின் கரிமக் கணிப்பு (கார்பன் அளவை வைத்து வயது சொல்லும் முறை) கி.மு. காலத்தைக் காட்டியது. அந்த மரத்தின் வயதைத்தான் அது சொன்னது. கரிகாலனை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது பட்டினப்பாலை படித்த நாம்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அரியலூர் அடுக்குகளில் எதற்காவது அம்மோனைட்டின் துணையில்லாமல் அங்கேயே வயது கணித்திருக்கிறார்களா, இல்லை ஐரோப்பாவில் அதே உயிரிக்குக் கிடைத்த வயதை இங்கே கடன் வாங்கியதா? இரண்டாவதுதான் என்றால், கயவாகு விஷயத்தில் நீ கொஞ்ச நாளைக்கு வாயைத் திறக்கக் கூடாது.

உன்,
மணி