தலையை விட்டுத் தூணைப் பிடிக்கும் பின்னல்

அன்புள்ள பெரியம்மா,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீங்கள் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் எனக்கே புரியவில்லை. "அந்தப் போர்வையில கட்டம் கட்டமா மேடு நிக்குதே, உள்ளே பஞ்சு வச்சிருக்கியா?" என்று கேட்டீர்கள். பஞ்சும் இல்லை, ஒன்றும் இல்லை, வெறும் நூல்தான் என்றேன். "அப்புறம் எப்படி நிக்குது?" என்றீர்கள். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, ஒரு கையில் ஊசியும் மறு கையில் நூலுமாகச் செய்து வேறு காட்டினேன். போனில் அது உங்களுக்குத் தெரியாது என்பதே மறந்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தைப் பெரிதாக்கித் தரச் சொல்லி நீங்களே படியுங்கள், இல்லையென்றால் அக்கா வாசித்துக் காட்டட்டும். ஊரார் படிக்கிற இடத்தில் எழுதிவிட்டாளே என்று கோபிக்காதீர்கள். குரோஷா, அதாவது கொக்கி ஊசிப் பின்னல், போடுகிற நாலு பேருக்கு உதவும்.

சர்க்கரையால் கண் மங்க ஆரம்பித்ததும், "அந்த ஓட்டையே தெரியலடி, இனிமே எனக்கு இது வேண்டாம்" என்று ஊசிப் பெட்டியை அப்படியே என்னிடம் தூக்கிக் கொடுத்தீர்களே, அது பத்திரமாக இருக்கிறது. இந்தப் பின்னலைக் கற்றுக்கொண்டதிலிருந்து அந்தப் பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம் உறுத்துகிறது. இதற்குக் கண் அவ்வளவாக வேண்டாம் பெரியம்மா. விரல் போதும்.

நீங்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் நினைவிருக்கிறதா? ஏழாம் வகுப்பு லீவு, மதுரை வீட்டு மொட்டை மாடிப் படிக்கட்டு. "மேலே பாரு, பின்னின சடை மாதிரி ரெண்டு நூல் படுத்திருக்கா? அதுக்கு அடியிலதான் ஊசியை விடணும். ரெண்டையும் சேர்த்து எடு. ஒண்ணை விட்டா கழுத்தை நெரிச்சுருவேன்." ரொம்ப வருஷம் நான் அங்கே மட்டும்தான் விட்டேன். டிவி கவர், ஃபிரிட்ஜ் கைப்பிடி உறை, பால் செம்பின் மேல் போடும் பாசி கோத்த வட்டம் எல்லாம் அப்படித்தான் வந்தன. சடைக்கு அடியில் ஊசி, அதற்கு மேல் அடுத்த சடை. வேறு எங்காவது ஊசியை விட்டால் அது தப்பு என்றே நினைத்திருந்தேன்.

இப்போது கற்றுக்கொண்டதில் அந்தச் சடையைத் தொடவே கூடாது.

உங்கள் ட்ரெபிள் ஒன்றை, அதாவது ஊசியில் நூலை ஒரு சுற்றுச் சுற்றிப் போடும் நெட்டைத் தையலை, எடுத்துக்கொள்ளுங்கள். மேலே சடை, அது தலை. கீழே முந்தின வரிசையில் ஊன்றி நிற்பது பாதம். இரண்டுக்கும் நடுவில் நட்டுக்க நிற்கிறதே, அது உடம்பு. அமெரிக்காக்காரர்கள் இதைப் போஸ்ட் என்கிறார்கள், கம்பம் என்று அர்த்தம். எனக்கு அது கோயில் மண்டபத்துத் தூணாகத்தான் தெரிகிறது. ஒரு வரிசை ட்ரெபிள் என்பது வரிசையாக நிற்கும் தூண்கள், தூணுக்குத் தூண் சின்னச் சந்து.

வழக்கம்போல ஊசியில் நூலை ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்ளுங்கள். இனி தலையில் குத்தாமல், தூணின் வலப்பக்கச் சந்தில் ஊசியை முன்னாலிருந்து பின்னால் விடுங்கள். தூணுக்குப் பின்னால் போய் இடப்பக்கச் சந்து வழியாக முன்னால் எட்டிப் பார்க்கட்டும். மீனாட்சி கோயிலில் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது தூணுக்குப் பின்னால் ஓடி அந்தப் பக்கமாகத் தலையை நீட்டுவோமே, அதே விளையாட்டுதான். இப்போது தூண் ஊசியின் மேல் குறுக்காகக் கிடக்கும். நூலைக் கொக்கியில் மாட்டி, போன வழியிலேயே திரும்ப இழுங்கள். கொஞ்சம் தாராளமாக, நெட்டையாக இழுக்க வேண்டும். மீதி நீங்கள் சொல்லிக்கொடுத்ததுதான், இரண்டிரண்டாகக் கழற்ற வேண்டும். அவ்வளவுதான். புதுத் தையல், பழைய தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு துணிக்கு முன்னால் புடைத்து நிற்கும். இதையே தலைகீழாக, பின்னாலிருந்து விட்டு, முன்பக்கம் சுற்றி, மறுபடி பின்னால் எடுத்தால் தையல் உள்ளே பதுங்கிவிடும். முன்னால் நாலு, பின்னால் நாலு என்று சில வரிசை போட்டு, அப்புறம் மாற்றிப் போட்டால் கூடை முடைந்த மாதிரியே இருக்கும்.

பெட்ஷீட்டில் பொத்துப் பொத்தென்று குமிழ் போடுவீர்களே, அது வேறு. அங்கே ஒரே ஓட்டைக்குள் ஐந்து ட்ரெபிளைத் திணித்து மேட்டை வரவழைக்கிறோம். இங்கே தையல் எண்ணிக்கை கூடுவதே இல்லை. ஊசி போகும் வழி மட்டும் மாறுகிறது.

நான் இதை எவ்வளவு லட்சணமாகக் கற்றுக்கொண்டேன் என்றும் சொல்லிவிடுகிறேன், சிரிக்காமல் படியுங்கள். முதல் தடவை அமெரிக்கக் குறிப்பு ஒன்றைப் பார்த்துப் போட்டேன். டபுள் போடு, டபுளின் உடம்பைச் சுற்று என்று இருந்தது. உங்களிடம் படித்தவள் ஆயிற்றே, உங்கள் டபுளைப் போட்டேன். அந்தக் குட்டையான டபுளுக்கு ஏது உடம்பு? சந்தே இல்லாத இடத்தில் ஊசியைத் திணித்துத் திணித்து நாலு வரிசை போட்டதும் கையில் இருந்தது செருப்பின் அடிப்பாகம் மாதிரி விறைத்த ஒரு துண்டு. கட்டை விரலும் வீங்கிவிட்டது. அப்புறம்தான் தெரிந்தது, நீங்கள் கான்வென்ட்டில் கற்றது பிரிட்டிஷ் கணக்கு. நம் டபுள் அவர்களுக்குச் சிங்கிள். நம் ட்ரெபிள் அவர்களுக்கு டபுள். நம் டபுள் ட்ரெபிள் அவர்களுக்கு வெறும் ட்ரெபிள். பெயர்கள் ஒன்று, ஆள் வேறு. ஆங்கர் நூலோடு வரும் பழைய புத்தகங்கள் உங்கள் பக்கம், வீடியோக்களில் பாதிக்கு மேல் அந்தப் பக்கம். இப்போதெல்லாம் எந்தக் குறிப்பை எடுத்தாலும் முதலில் "சிங்கிள்" என்ற வார்த்தை எங்காவது இருக்கிறதா என்று தேடுகிறேன். இருந்தால் அமெரிக்கா.

இரண்டாவது தடவை ட்ரெபிளில் சரியாகத்தான் போட்டேன். ஆனால் துண்டு வரிசைக்கு வரிசை அகலமாகி விசிறி மாதிரி விரிந்தது. எண்ணிப் பார்த்தால் முப்பதில் ஆரம்பித்தது நாற்பத்தொன்றில் நிற்கிறது. தூணைச் சுற்றிய பிறகு அதே தூணின் தலை பின்னால் சும்மா கிடக்கிறதே, பாவம் என்று அதிலும் ஒன்று குத்தியிருக்கிறேன். பழக்கதோஷம். ஒரு தூணுக்கு ஒரு தையல்தான். தூணைப் பிடித்தால் அந்தத் தலையை விட்டுவிட வேண்டும்.

அந்த விட்ட தலை எங்கே போகிறது என்பதில்தான் நீங்கள் கேட்ட கட்டத்தின் ரகசியம் இருக்கிறது. முன்னாலிருந்து தூணைப் பிடித்தால், யாரும் தொடாத தலை எதிர்ப்பக்கம் போய் வரப்பு மாதிரி நீளமாகப் படுத்துக்கொள்கிறது. இதை வைத்துத்தான் வாஃபிள் பின்னலை, அதாவது வாஃபிள் பலகாரம் மாதிரிக் கட்டம் கட்டமாக வரும் பின்னலை, செய்திருக்கிறார்கள். நல்ல பக்கம் வரும் வரிசையில் மூன்றில் ஒன்றை மட்டும் தூணைப் பிடித்துப் போட வேண்டும், மற்ற இரண்டும் தலையில் குத்தும் சாதா ட்ரெபிள். அதுதான் நட்டுக்க ஓடும் மேடு. திருப்பிக்கொண்டு உள்பக்கம் பார்த்துப் போடும் வரிசையில் அப்படியே மாறும். தூணைப் பிடித்திருந்ததன் மேல் சாதா ட்ரெபிள், சாதாவாக இருந்த இரண்டையும் தூணைப் பிடித்து. அப்போது அந்த இரண்டின் தலையும் நல்ல பக்கத்துக்குத் தள்ளப்பட்டு, குறுக்கு வரப்பாகிவிடும். நட்டுக்க ஒரு மேடு, குறுக்கே ஒரு வரப்பு, நடுவில் பாத்தி கட்டின மாதிரி சதுரப் பள்ளம். பஞ்சு வைத்தாயா என்று கேட்டீர்களே, இவ்வளவுதான் அங்கே இருப்பது. உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் கட்டம் இவ்வளவு தெளிவாகத் தெரியாது.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. இவ்வளவு போட்ட உங்களுக்கு இது ஏன் தெரியாமல் போனது? யோசித்ததில், நமக்குக் குரோஷா வந்த வழி லேஸ் வழி என்று படுகிறது. கோதாவரிப் பக்கம் நர்சாபூரில் 19-ஆம் நூற்றாண்டில் மிஷனரிகள் சொல்லிக்கொடுத்து வேரூன்றிய குரோஷா லேஸுக்கு 2024-ல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. லேஸில் ஓட்டைதான் அழகு. சன்னமான நூல், சன்னமான ஊசி, எவ்வளவு காற்று உள்ளே விட முடியும் என்பதே போட்டி. தடிமன் என்பது குளிர்காரன் ஆசை. மதுரை வெயிலில் யார் இதைக் கேட்டார்கள்?

இப்போது எல்லாம் மாறிவிட்டது. 2016 ஜனவரியில் சென்னையில் பெண்கள் சேர்ந்து 11,148 சதுர மீட்டருக்குக் குரோஷாப் போர்வை போட்டு கின்னஸில் வந்தபோது, பேப்பரைப் பார்த்துவிட்டு நீங்கள் சொன்னது ஒன்றுதான்: "சரி, யார் துவைக்கிறது?"

துவைப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். குழந்தைக்கு முதலில் போட்டது அக்ரிலிக் நூலில். முடித்த மாதிரித் துண்டு லேசாகச் சுருண்டிருந்ததால் இஸ்திரிப் பெட்டியை ஒரு இழுப்பு இழுத்தேன். இரண்டு வாரம் போட்ட மேடு அத்தனையும் ஒரு நொடியில் தட்டையாகிப் பளபளவென்று ஆகிவிட்டது. அக்ரிலிக் சூட்டில் இளகினால் திரும்ப எழும்பாது. நனைத்தேன், உதறினேன், ஒன்றும் நடக்கவில்லை. அதனால் உங்களுக்குப் பருத்தி நூலில்தான் அனுப்புகிறேன். ஈரத்தில் இழுத்து நேராக்கிக் காய வைத்தால் சொன்னபடி கேட்கும், தண்ணீரையும் நன்றாக உறிஞ்சும். பாத்திரம் துடைக்க இதைவிட நல்ல துணி கிடையாது. நிறம் வெளிர் மஞ்சள். அடர் நிறத்தில் மேடு பள்ளமெல்லாம் நிழலில் மறைந்துவிடும். கலர் மாறி மாறி வரும் நூல் என்றால் கேட்கவே வேண்டாம், அது தன் வேஷத்தையே காட்டிக்கொண்டிருக்கும், பின்னல் தெரியாது.

நூல் கூடுதலாகத் தின்னும், அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு உருண்டையில் முடியும் என்று போட்ட துண்டு ஒன்றரை உருண்டையை விழுங்கியது. தூணைச் சுற்றிப் போவதால் அகலமும் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

இனி பார்சல் விஷயம். உங்கள் பெட்டியையே அனுப்புகிறேன். அதில் இருந்த சன்னக் கம்பி ஊசிகளை நான் வைத்துக்கொண்டேன், அவை உங்கள் கண்ணுக்கு எதிரி. பதிலாக 5 மி.மீ. போனி கம்பெனி ஊசி ஒன்று இருக்கும். ஊட்டிக்கு மலை ரயிலில் போனபோது கேத்தி ஸ்டேஷனில் இறங்கிக் கேரட் வாங்கினீர்களே, அந்தக் கேத்திப் பக்கத்து ஆலைச் சரக்குதான். 32 செயின் (சங்கிலிக் கண்) போட்டு, ஊசியிலிருந்து நாலாவது செயினில் ஆரம்பித்து முதல் வரிசை ட்ரெபிள் முடித்திருக்கிறேன். திரும்பும் செயினையும் சேர்த்து 30 இருக்கும். இரண்டாவது வரிசையும் போட்டாயிற்று. மூன்றாவது வரிசை உங்களுடையது. மூன்று செயின் போட்டுத் திரும்புங்கள். ஒன்று சாதா, அப்புறம் இரண்டு தூண், ஒன்று சாதா, இரண்டு தூண், ஒன்று சாதா என்றே போய்க் கடைசி ஒன்றும் சாதா. நாலாவது வரிசை, நான் போட்டு அனுப்பும் இரண்டாவது வரிசை மாதிரியேதான்.

விளக்கைப் போட்டுக்கொண்டு கண்ணை இடுக்காதீர்கள். துணியை மடியில் வைத்து இடது கை ஆள்காட்டி விரலை வரிசையின் மேல் ஓட்டுங்கள். மூன்றாவது வரிசைக்குத் திருப்பும்போது தூணைப் பிடித்தது பள்ளமாக உள்ளே போயிருக்கும், சாதா இரண்டும் சேர்ந்து தட்டுப்படும். பள்ளத்தில் சாதா, தட்டுப்படுகிற இரண்டிலும் தூண். நாலாவதில் நல்ல பக்கம் மேலே வந்ததும் மேடு தானாக விரலில் இடிக்கும், அங்கே தூண். நான் போன வாரம் கரண்ட் போன இரவில் ஆறு வரிசை போட்டேன், காலையில் எண்ணிப் பார்த்தேன், முப்பது முப்பதாகவே இருந்தது. வீட்டில் யாரும் நம்பவில்லை. நீங்கள் நம்புவீர்கள், சடையைத் தடவியே ஓட்டை எங்கே என்று சொன்ன கை அது.

வியாழக்கிழமை கூரியர் வரும். பிரித்ததும் மூன்றாவது வரிசையைப் போட்டுவிட்டுக் கூப்பிடுங்கள். பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை எனக்கு ஆபீஸில் மீட்டிங், அந்த நேரம் மட்டும் வேண்டாம். தப்பாகப் போனால் பிரித்துவிடாதீர்கள், அப்படியே வையுங்கள், நான் பொங்கலுக்கு வரும்போது பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் கோயம்புத்தூர் மகள்