உன் கணுக்காலைப் பற்றி

சுங்கை சிப்புட்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவும் நானும் நலம். கால் எப்படி இருக்கிறது என்று போனில் கேட்டால் "பரவாயில்லைப்பா" என்று சொல்லிவிட்டு, சபாவில் தாவாவ் ஊரில் நீ பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்துக் கதைக்குப் போய்விடுகிறாய். எழுதி அனுப்பினால் நிதானமாகப் படிப்பாய் என்றுதான் இந்தக் கடிதம்.

தீபாவளிக்கு வந்தபோது கோயில் படியில் நீ இறங்கியதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு படிக்கும் இடது காலை முதலில் இறக்கி, வலது காலை அதோடு சேர்த்து வைத்து, அப்புறம்தான் அடுத்த படி. வலைப்பந்துத் திடலில் நீ விழுந்து மாதங்கள் ஓடிவிட்டன. வெறும் சுளுக்கு என்றால் பெரும்பாலும் ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் அடங்கியிருக்க வேண்டும். இன்னமும் வலிக்கிறது, சாயங்காலம் வீங்குகிறது, சமதரையிலேயே திடீரென்று மடங்குகிறது என்றால், அது தானாக ஆறும் என்று காத்திருக்கும் கட்டம் முடிந்துவிட்டது.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசராக, அதாவது மருத்துவ உதவியாளராக, இருந்த காலத்தில் இந்தக் காயத்தை நிறையப் பார்த்திருக்கிறேன். விடியும் முன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மேட்டுக் காட்டில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்கள் வேர் தடுக்கி விழுவார்கள், வாய்க்கால் ஓரத்தில் சறுக்குவார்கள். செம்பனை (எண்ணெய்ப் பனை) வந்த பிறகு குலை ஏற்றிய தள்ளுவண்டியோடு சரிவில் கால் பிரண்டு வருவார்கள். கட்டுப் போட்டு ஓய்வு எடுக்கச் சொன்னால் கேட்க மாட்டார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. நாள் சம்பளம், காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகாவிட்டால் அன்றைக்குப் பேர் விழாது. வலி குறைந்ததும் காட்டுக்குப் போய்விடுவார்கள். அதே காலோடு அதே ஆள் மறுபடி வருவார். வயதான பிறகு, மழை பெய்த மறுநாள் சரிவில் நடக்கவே பயந்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. உனக்கு இருக்கிறது.

கணுக்காலின் வெளிப்பக்கம், எலும்பை எலும்போடு பிணைக்கும் மூன்று தசைநார்கள் இருக்கின்றன. பாதம் உள்பக்கமாக மடங்கும்போது முன்னால் இருப்பதுதான் முதலில் கிழியும். இன்னும் பலமாக மடங்கினால் குதிகால் எலும்புக்குப் போகிற நாரும் சேர்ந்து கிழியும். பின்னால் இருப்பது அநேகமாகத் தப்பிவிடும். கிழிந்த நார் மறுபடி ஒட்டும்போது சில பேருக்குக் கொஞ்சம் நீண்டு, தொய்ந்த கொடிக்கயிறு மாதிரி ஆகிவிடுகிறது. இன்னொன்றும் நடக்கிறது. கால் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்கிற நுண்ணிய நரம்பு முனைகள் அந்த நாரிலேயே இருக்கின்றன, அவையும் அடிபடுகின்றன. மடங்கப் போகிறது என்ற செய்தி தாமதமாகப் போகிறது, வெளிப்பக்கக் கெண்டைத் தசை தாமதமாக இழுக்கிறது, அதற்குள் கால் பிரண்டுவிடுகிறது.

விழுந்த அன்று எடுத்த எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றாய். எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், நார் தெரியாது. எலும்பு முறியவில்லை என்பதை மட்டும்தான் அந்தப் படம் சொன்னது.

அரசாங்க கிளினிக்கில் கடிதம் வாங்கிக்கொண்டு தாவாவ் மருத்துவமனையின் எலும்புப் பிரிவுக்குப் போ. உள்ளே போனதும் "கால் வலிக்கிறது டாக்டர்" என்று ஒரே வரியில் முடித்துவிடாதே. வலி வேறு, மடங்குவது வேறு, இரண்டையும் தனித்தனியாகச் சொல். வலி இல்லாமலே கால் மடங்கினால் நார் தளர்ந்திருக்கலாம், தசை பலமில்லாமல் இருக்கலாம். மடங்காமலே மூட்டுக்குள் ஆழமாக வலித்தாலோ, நடுவில் மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தாலோ, உள்ளே குருத்தெலும்பு அடிபட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கணுக்கால் எலும்புக்குப் பின்னால், வெளிப்பக்கத்தில் வலித்தால் அங்கே ஓடும் தசைநாண், அதாவது தசையை எலும்போடு இணைக்கும் நாண், கிழிந்திருக்கலாம். இவையெல்லாம் சுளுக்கு என்ற பெயரில் மாதக்கணக்கில் ஒளிந்திருக்கக் கூடியவை. விழும்போது பாதம் எந்தப் பக்கம் திரும்பியது, உடனே எழுந்து நாலு அடி நடக்க முடிந்ததா, எங்கே வீங்கியது, இப்போது எந்த இடத்தில், என்ன செய்யும்போது மடங்குகிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போ. டாக்டர் ஒரு கையால் கணுக்காலுக்குச் சற்று மேலே பிடித்து, மறு கையால் குதிகாலை முன்னால் இழுத்துப் பார்ப்பார். இரண்டு காலையும் அப்படிப் பார்க்கச் சொல், நல்ல காலோடு ஒப்பிட்டால்தான் தளர்ச்சி தெரியும். எம்.ஆர்.ஐ. தேவையா என்பதை அவர் முடிவு செய்யட்டும், ஆனால் நீ கேட்கத் தயங்காதே.

மருந்துச் சீட்டை விட பிசியோதெரபிதான் இதில் பெரிய மருந்து. அங்கேதான் நிறையப் பேர் பாதியில் நிறுத்துகிறார்கள். ரப்பர் பட்டையைப் பாதத்தில் மாட்டி வெளிப்பக்கமாக இழுப்பது, குதிகாலைத் தூக்கி மெதுவாக இறக்குவது, ஒற்றைக் காலில் நிற்பது. ஒற்றைக் காலில் முதலில் சுவர் ஓரமாக, தரையில் நில். அது எளிதானதும் தலையணை மேல், அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு. பார்க்க அற்பமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தத் தாமதமான செய்தியைச் சரிசெய்யும் வேலை அதுதான். வலி போன பிறகும் மூன்று மாதமாவது விடாமல் செய்ய வேண்டும். கலாசாலையில் படித்தபோது மழையிலும் ஓடிப் பழகிய பிள்ளை நீ, உன்னால் முடியும்.

இதனால்தான் பள்ளி விடுமுறைக்கு வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று நீ சொன்னது எனக்குச் சரியாகப் படவில்லை. நீ வந்தால் எங்களுக்குச் சந்தோஷம்தான், அம்மா இப்போதே முறுக்குக்கு மாவு அரைக்கப் போகிறேன் என்கிறாள். ஆனால் ஒரு வார விடுமுறையில் இங்கே பக்கத்து ஈப்போ மருத்துவமனையில் ஒரு தேதி வாங்கி என்ன பயன்? இந்தச் சிகிச்சைக்கு வாராவாரம் ஒரே ஆள் உன் காலைத் தொட்டுப் பார்க்க வேண்டும். அது நீ இருக்கும் ஊரில்தான் நடக்கும்.

சுளுக்கு எடுக்கும் பாட்டியிடம் ஒரு தடவை காட்டலாமே என்று அம்மா கேட்கிறாள். தைலம் போட்டு மேலாகத் தேய்த்தால் இதமாக இருக்கும், அதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. காலை முறுக்கி இழுத்துச் சொடுக்கு எடுக்க மட்டும் யாரையும் விடாதே. தளர்ந்த நாரை இழுத்தால் இன்னும் தளரும். போட்டி நாளில் வலி மாத்திரை போட்டுக்கொண்டு பிள்ளைகளோடு திடலில் குதிப்பதையும் நிறுத்து, வெறும் வயிற்றில் அந்த மாத்திரை இன்னும் மோசம். இப்போதைக்கு ஓரத்தில் நின்று சொல்லிக்கொடு. மறுபடி விளையாடப் போகும்போது கணுக்கால் பட்டி அணிந்துகொள். குதிகால் உயர்ந்த செருப்பு கொஞ்ச காலம் வேண்டாம்.

அறுவை சிகிச்சை என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில்தான் தள்ளிப்போடுகிறாய் என்று எனக்குத் தோன்றுகிறது. எடுத்த எடுப்பில் கத்தியை எடுக்க மாட்டார்கள் அம்மா. மூன்று முதல் ஆறு மாதம் பயிற்சி ஒழுங்காகச் செய்தும் மடங்குவது நிற்கவில்லை என்றால்தான் பெரும்பாலும் அந்தப் பேச்சே வரும். அப்படி வந்தாலும் அது புதிய பரிசோதனை இல்லை. 1966-இல் சுவீடன் மருத்துவர் புரோஸ்ட்ரோம் எழுதிய முறையைத்தான் சிறிது மாற்றி இன்றும் செய்கிறார்கள். உன் சொந்த நாரையே இழுத்துத் தைப்பார்கள். சில வாரம் காலைக் காப்பில் வைத்திருந்து, அப்புறம் மறுபடி அதே பயிற்சிதான். திடலில் இறங்கச் சில மாதங்கள் பிடிக்கும்.

அந்த நிலை வந்தால் நீ தனியாக இருக்க மாட்டாய். தீபகற்ப மலேசியாவிலிருந்து வருகிறவர்களைச் சபாவில் மூன்று மாதம் வரை தங்க விடுகிறார்கள். அம்மாவும் நானும் வந்துவிடுவோம், சமையல் அவள் பொறுப்பு, உன்னைப் பயிற்சி செய்ய வைப்பது என் பொறுப்பு.

இந்த வாரமே கிளினிக்குக்குப் போய்விட்டு, எலும்புப் பிரிவில் எந்தத் தேதி கொடுத்தார்கள் என்று சொல். தேதி தள்ளிக் கொடுத்தால் அதுவரை பிசியோவாவது தொடங்க முடியுமா என்று அங்கேயே கேள்.

அன்புடன்,
அப்பா